கண் கொடுத்தவரின் உடல்நிலையும் கண் பெற்றவரின் பார்வையும்

மருத்துவக் கேள்வி – பதில்

சென்ற இதழில் கண்தானத்தைப் பற்றி எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே ஐயத்தையே வெவ்வேறு விதமாக எழுப்பியிருந்தன: இறந்தவரின் வயதும் நோய்களும் அவருடைய கண்ணைப் பெறுபவரின் பார்வையை எவ்வளவு தூரம் பாதிக்கும் என்பதே அது. எனவே இந்த இதழின் பக்கங்களை முழுவதுமாக அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எனக்கு 63 வயது. சில வருடங்களுக்கு முன்னர் வலது கண்ணில் கண்புரைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டேன். பின்னர் அந்தக் கண்ணில் காலையில் எழும்போது புகைமூட்டமாகவும் பின்னேரத்தில் சற்றுத் தெளிவாகவும் தெரியத் தொடங்கியது. இப்போது நாள் முழுவதும் மங்கலாகவே இருக்கிறது. விழிவெண்படலம் வீங்கிவிட்டதால் அதை மாற்ற வேண்டுமென்று வைத்தியர் கூறுகிறார். கிடைக்கக்கூடியது 70 வயதில் இறந்த ஒருவருடையது என்று அறிந்ததும், இளவயதினர் ஒருவருடையது கிடைக்கும்வரை பொறுத்திருக்கலாம் என்று மகன் சொல்கிறான். முதியவரின் படலம் எத்தனை காலம் தாங்கும்?
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: விழிவெண்படலம் என்பது கண்ணின் கருநிறப் பகுதிக்கு முன்னால், கைக்கடிகாரத்தின் கண்ணாடியைப் போல அமைந்திருக்கும், நடுவில் ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் மாத்திரமே தடிப்புள்ள, ஒளியை உள்ளே விடும் படலமாகும். அதன் உட்புறத்தில் அகவணிக் கலங்கள் எனப்படும் நுண்ணிய கலங்கள் ஒற்றை அடுக்காகப் பரவியிருக்கின்றன. கண்ணின் உள்ளேயுள்ள நீர் படலத்துக்குள் ஊறிக்கொண்டே இருக்க, இக்கலங்கள் அதை ஓயாமல் வெளியேற்றுகின்றன. அந்த வேலை நடக்கும்வரையே படலம் தெளிவாக இருக்கும். மனிதரில் இக்கலங்கள் அழிந்தால் அவற்றுக்குப் பதிலாகப் புதியவை தோன்றுவதில்லை. அருகிலுள்ள கலங்கள் விரிந்து வெற்றிடத்தை மூடிக்கொள்கின்றன, அவ்வளவுதான். வளர்ந்த ஒருவரிடம் ஒரு சதுர மில்லிமீற்றரில் 2,500 முதல் 3,000 வரையான கலங்கள் இருக்கும். வயது ஏற ஏற அவை ஆண்டுக்கு ஏறத்தாழ 0.6 வீதம் குறைகின்றன. எண்ணிக்கை 500 அளவுக்கு இறங்கும்போது நீரை வெளியேற்றும் வலு போதாமற்போய்ப் படலம் வீங்குகிறது. கண்புரைச் சத்திரசிகிச்சையின்போதும் இவற்றில் ஒரு பகுதி இழக்கப்படுவதுண்டு. ஏற்கெனவே குறைவாக இருந்தவர்களுக்கு அது தாங்க முடியாத இழப்பாகிவிடும். இரவில் இமைகள் மூடியிருப்பதால் மேற்பரப்பிலிருந்து நீர் ஆவியாவதில்லை; உங்களுக்குக் காலையில் மங்கல் கூடுதலாக இருந்ததன் காரணம் அதுவே.

ஆகவே வயதைப் பற்றிய உங்கள் மகனின் கேள்வி நியாயமானதே. முதியவரிடம் கலங்கள் குறைவாக இருக்க வாய்ப்புண்டு என்பதால் கண் மருத்துவர்களும் நீண்ட காலமாக அதையே கேட்டுக்கொண்டிருந்தனர். அதற்கு விடை காண அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கப்பட்டது. 40 முதல் 80 வயது வரையான 1,090 பேருக்குப் படலம் மாற்றப்பட்டது. கொடுத்தவரின் வயது சத்திரசிகிச்சை செய்தவருக்குக்கூடத் தெரிவிக்கப்படவில்லை. ஐந்து ஆண்டுகளின் முடிவில், 65 வயதும் அதற்குக் குறைவானவர்களும் கொடுத்த படலங்களிலும் 66 முதல் 75 வயது வரையானவர்கள் கொடுத்தவற்றிலும் 86 வீதமானவை தெளிவாகவே இருந்தன. பத்து ஆண்டுகளின் முடிவில் அது முறையே 77 வீதமாகவும் 71 வீதமாகவும் இருந்தது. இந்த இடைவெளி தற்செயலாகவும் ஏற்பட்டிருக்கக்கூடிய அளவிலானது. ஆனால் வயதை இன்னும் நுணுக்கமாகப் பிரித்துப் பார்த்தபோது இரு ஓரங்களிலும் வேறுபாடு தென்பட்டது: 33 வயதுக்கு உட்பட்டவர்களின் படலங்களில் 96 வீதமும், 34 முதல் 71 வரையான நீண்ட இடைப்பகுதியில் 75 வீதமும், 72 முதல் 75 வரையில் 62 வீதமும் பத்து ஆண்டுகள் நிலைத்தன. சுருங்கக் கூறின், முப்பத்தைந்து வயதினரின் கண்ணுக்கும் எழுபது வயதினரின் கண்ணுக்கும் இடையில் நாம் அஞ்சும் அளவுக்கு வேறுபாடு இல்லை. மிக இளையவர்களின் படலம் உண்மையிலேயே கூடுதலாக நிலைக்கிறது. ஆனால் அந்த வயதில் இறப்பவர்கள் குறைவு, குறைவாகவே இருக்கவும் வேண்டும்.

அதே ஆய்வில் உங்கள் நிலைமையோடு நேரடியாகத் தொடர்புடைய மற்றொரு விடயமும் வெளிப்பட்டது. ஐந்து ஆண்டுகளுக்குள் பழுதடைந்த படலங்கள், ஃபுக்ஸ் எனப்படும் பரம்பரைச் சார்புடைய அகவணி நோய்க்காகச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களில் 7 வீதமாக இருக்க, கண்புரைச் சத்திரசிகிச்சைக்குப் பின் வீக்கம் ஏற்பட்டவர்களில் 27 வீதமாக இருந்தன. கொடுத்தவரின் பிறப்புச் சான்றிதழைவிடப் பெறுபவரின் கண்ணில் முன்னர் நடந்தவை எவ்வளவு வலுவானவை என்பதை இந்த இரண்டு எண்களும் காட்டுகின்றன. உங்களுக்குக் கண்ணில் உயர் அமுக்கம் இருக்கிறதா, அதற்காக முன்னர் சத்திரசிகிச்சை நடந்ததா, படலத்துக்குள் குருதிக் குழாய்கள் வளர்ந்திருக்கின்றனவா என்பவையே மகன் வைத்தியரிடம் முதலில் கேட்க வேண்டியவை.

அடுத்ததாக, அந்த 70 வயதினரின் படலத்தில் ஒரு சதுர மில்லிமீற்றருக்கு எத்தனை கலங்கள் உள்ளன என்று கேளுங்கள். கண் வங்கியில் விசேட நுணுக்குக்காட்டியினால் எண்ணி, படலத்துடன் குறிப்பாக அனுப்பும் எண் அது. பல வங்கிகள் 2,000க்குக் குறைந்த எண்ணிக்கையுடையவற்றை உங்களைப் போன்றவர்களுக்கு வழங்குவதில்லை. தொடக்க எண்ணிக்கை ஏன் முக்கியமென்றால், பொருத்திய பின்னரும் கலங்கள் வேகமாகக் குறைந்துகொண்டே போகும். மேற்கூறிய ஆய்வில் பத்து ஆண்டுகளின் பின்னரும் தெளிவாக இருந்த படலங்களிலேயே ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குக் கலங்கள் அழிந்திருந்தன. எண்ணிக்கை நன்றாக இருக்குமானால், வயதைக் காரணம் காட்டிக் காத்திருப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். நீண்ட காலம் வீங்கியே இருக்கும் படலத்தில் தழும்பு விழுந்துவிட்டால், உட்படலத்தை மாத்திரம் மாற்றும் இலகுவான சிகிச்சையின் பலன் குறைந்து, முழுத் தடிப்பையும் வெட்டி மாற்ற வேண்டிய நிலைகூட ஏற்படலாம்.

வயதைப் பற்றிய பேச்சில் நம் நாட்டுக்குரிய ஒரு செய்தியையும் சொல்லலாம். முன்னாள் ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தன 1996இல் தமது 90ஆவது வயதில் காலமானபோது, அவருடைய விருப்பத்தின்படி அவரது கண் ஜப்பானுக்கு அனுப்பிவைக்கப்பட்டது.

கேள்வி: அப்பாவுக்கு இருபது வருடங்களாக நீரிழிவு, உயர் குருதி அமுக்கம், கடைசியில் மாரடைப்பு. அவர் கண்தானம் செய்ய விரும்பியிருந்தார். ஆனால் "சீனி வருத்தக்காரரின் கண் ஒருவருக்கும் உதவாது" என்று பெரியப்பா சொன்னதால் நாங்கள் அறிவிக்காமலே விட்டுவிட்டோம். அது சரியா?
— வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: பெரியப்பா நல்ல எண்ணத்தோடுதான் கூறியிருப்பார்; ஆனால் அந்தத் தீர்மானத்தைக் கண் வங்கியிடம் விட்டிருக்கலாம். உயர் குருதி அமுக்கமும் மாரடைப்பும் விழிவெண்படலத்துக்குத் தடையல்ல. அந்தப் படலத்தில் குருதிக் குழாய்களே இல்லை. அதனால்தான் உடலின் பல நோய்கள் அதைத் தொடாமல் விட்டுவிடுகின்றன.

நீரிழிவு சற்று வேறுபட்ட விடயம், அதைப் பற்றி ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. முன்னர் கூறிய 1,090 பேரின் ஆய்வில், முழுத் தடிப்பும் மாற்றப்பட்டவர்களிடையே, கொடுத்தவருக்கு நீரிழிவு இருந்ததால் பழுது அதிகரித்ததாகத் தெரியவில்லை. ஆனால் உட்படலத்தை மாத்திரம் மாற்றும் முறையில் 1,330 கண்களைப் பின்தொடர்ந்து 2017இல் முடிவுகள் வெளியிடப்பட்ட மற்றொரு அமெரிக்க ஆய்வில், நீரிழிவு உள்ளவர்களின் படலங்கள் பழுதடையும் வாய்ப்பும், மூன்று ஆண்டுகளில் கலங்களை இழக்கும் வேகமும் சற்றுக் கூடுதலாக இருந்தன. உள்ளிருந்து மிக மெல்லிய சவ்வை மாத்திரம் உரித்தெடுத்துப் பொருத்தும் புதிய முறையில் ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு: நீண்ட காலம் கட்டுப்பாடின்றி நீரிழிவு இருந்தவர்களில் அந்தச் சவ்வு அடியிலுள்ள படையோடு இறுக ஒட்டியிருப்பதால், உரிக்கும்போது கிழிந்துவிடக்கூடும்.

இவற்றிலிருந்து பெறப்படுவது, நீரிழிவுள்ளவரின் கண்ணை ஒதுக்கிவிட வேண்டும் என்பதல்ல. எந்த வகைச் சத்திரசிகிச்சைக்கு அதைக் கொடுப்பது என்பதில் கண் வங்கி கவனமாக இருக்க வேண்டும் என்பதே பெறப்படுகிறது. இங்கு நீரிழிவு உள்ளவர்களை எல்லாம் விலக்கிவிட்டால், கொழும்பில் முதியவர்களிடமிருந்து கண் கிடைப்பதே அரிதாகிவிடும்.

கேள்வி: இறந்தவருக்கு இருந்த நோய், அவருடைய படலத்தின் வழியாக எனக்கு வந்துவிடாதா?
— வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: வரக்கூடிய நோய்கள் சில உண்டு, அவற்றில் எந்தத் தளர்வும் காட்டப்படுவதில்லை. கொடுத்தவரின் உடல்நிலையை இரண்டு கண்களால் பார்க்க வேண்டும்: வயது, நீரிழிவு போன்றவை படலம் எவ்வளவு காலம் நிலைக்கும் என்பதைக் கூட்டிக் குறைப்பவை, அவற்றில் பேரம் பேச இடமுண்டு. தொற்றக்கூடிய நோய்கள் பெறுபவரின் உயிரோடு சம்பந்தப்பட்டவை. அவற்றில் இடமே இல்லை.

1970களின் இறுதியில் அமெரிக்காவில், காரணம் சரியாகக் கண்டறியப்படாத நரம்பு நோயால் இறந்த ஒருவரின் விழிவெண்படலம் ஒரு பெண்ணுக்குப் பொருத்தப்பட்டது. சில வாரங்களில் அவர் விசர்நோயால் இறந்தார். கொடுத்தவரின் உயிரைப் பறித்ததும் அதே நோய்தான் என்பது அதன் பின்னரே தெரியவந்தது. 1974இல், மூளையைச் சிதைக்கும் கிரொய்ட்ஸ்ஃபெல்ட்–ஜேக்கப் நோயும் அவ்வாறு கடத்தப்பட்டதாக மருத்துவ இதழில் பதிவாகியது. இவற்றின் பயனாக, காரணம் தெரியாத மூளை அழற்சியாலோ வேறு நரம்பு நோயாலோ இறந்தவர்களின் கண்கள் இன்று ஏற்றுக்கொள்ளப்படுவதில்லை. விசர்நாய்க்கடி முற்றாக ஒழிக்கப்படாத நம் நாட்டில் இந்த விதியின் பெறுமதியை விளக்க வேண்டியதில்லை. எச்ஐவி, ஈரல் அழற்சி பி, சி ஆகியவற்றுக்குக் கொடுத்தவரின் குருதி பரிசோதிக்கப்படுகிறது. கட்டுக்கடங்காத குருதித் தொற்று, குருதிப் புற்றுநோய், பரவிய நிணநீர்ப் புற்றுநோய், கண்ணுக்குள் தோன்றும் சில புற்றுநோய்கள் ஆகியவையும் விலக்கத்துக்குரியவை. மற்றபடி மார்பகம், குடல் போன்ற உறுப்புகளில் ஏற்படும் புற்றுநோய்களால் இறந்தவர்களின் விழிவெண்படலம், பலரும் எண்ணுவதற்கு மாறாக, பொதுவாக ஏற்றுக்கொள்ளப்படுகிறது.

கேள்வி: எடுத்த கண்ணைப் பல நாள் போத்தலில் வைத்திருந்து பொருத்துவார்கள் என்று கேள்விப்பட்டேன். பழுதாகிவிடாதா?
— வாசகர், வத்தளை

பதில்: ஹட்சன் சில்வா என்னும் வைத்தியர் 1961இல் இலங்கைக் கண் தானச் சங்கத்தை அமைத்து, 1964இல் முதற்றடவையாகச் சிங்கப்பூருக்குக் கண்களை அனுப்பிய காலத்தில், முழுக் கண்ணையும் குளிரில் வைத்து ஓரிரு நாட்களுக்குள் பயன்படுத்தியாக வேண்டியிருந்தது. 1974 அளவில் பாதுகாப்புத் திரவங்கள் வந்தன. இப்போது விழிவெண்படலத்தை மாத்திரம் வெட்டியெடுத்து, ஏறத்தாழ 4 பாகை செல்சியஸில், நுண்ணுயிர்க்கொல்லி சேர்த்த திரவத்தில் 14 நாள் வரை வைத்திருக்க முடியும். ஐரோப்பாவில் உடல் வெப்பநிலைக்கு அண்மித்த வளர்ப்புத் திரவத்தில் ஏறத்தாழ நான்கு வாரங்கள் வரை வைக்கும் முறையும் உண்டு. முன்னைய பதிலில் கூறிய 1,330 கண்களின் ஆய்வு உண்மையில் இதற்காகவே நடத்தப்பட்டது: ஏழு நாட்களுக்குள் பயன்படுத்தப்பட்டவற்றில் 95.3 வீதமும், எட்டு முதல் 14 நாட்கள் வரை வைக்கப்பட்டவற்றில் 92.1 வீதமும் மூன்று ஆண்டுகள் நிலைத்தன. வேறுபாடு சிறிது, அதுவும் பெரும்பாலும் கடைசி இரண்டு மூன்று நாட்களைச் சேர்ந்தது.

என் பார்வையில், போத்தலுக்குள் கழியும் நாட்களைவிடப் போத்தலுக்குள் போவதற்கு முந்திய மணித்தியாலங்களே கூடுதல் கவலைக்குரியவை. இதைக் கடைசிக் கேள்வியில் பார்ப்போம்.

கேள்வி: அக்காவின் மகனுக்கு 22 வயது. விழிவெண்படலம் கூம்பு வடிவில் துருத்திக்கொண்டிருக்கிறது; கண்ணாடியாலும் தொடுவில்லையாலும் சரிசெய்ய முடியாத நிலை. இளைஞனுக்கு இளைஞரின் கண்ணே வேண்டுமல்லவா?
— வாசகி, மட்டக்குளி

பதில்: இந்த நோயில் அவசியமில்லை. கூம்பு விழியில் கெட்டுப்போயிருப்பது படலத்தின் தடித்த நடுப்பகுதி. பிள்ளையின் சொந்த அகவணிக் கலங்கள் பெரும்பாலும் நலமாகவே இருக்கும். எனவே அவற்றை அப்படியே விட்டுவிட்டு, முன்பகுதியை மாத்திரம் மாற்றும் முறை பல இடங்களில் விரும்பப்படுகிறது. அப்படிச் செய்தால் கொடுத்தவரின் அகவணிக் கலங்கள் பொருத்தப்படுவதே இல்லை. ஆகவே அவற்றின் எண்ணிக்கையும் கொடுத்தவரின் வயதும் பெரிதாகப் பொருட்படுத்த வேண்டியவையல்ல. அகவணியை உடல் அந்நியமெனத் தாக்கும் ஆபத்தும் நீங்கிவிடுகிறது. கொடுத்தவர் முன்னர் பார்வைக் குறைபாட்டுக்கு லேசர் சிகிச்சை செய்துகொண்டவராக இருக்கக்கூடாது என்பது இங்கே வயதைவிட முக்கியம், ஏனெனில் லேசர் மாற்றியமைப்பது இவனுக்குத் தேவைப்படும் அதே பகுதியைத்தான். படலத்தின் ஆழத்தில் ஏற்கெனவே பிளவு ஏற்பட்டுத் தழும்பு விழுந்திருந்தால் முழுத் தடிப்பையும் மாற்ற வேண்டிவரும். அப்போதும் கூம்பு விழியுள்ளவர்களுக்கே மிகச் சிறந்த பலன் கிடைக்கிறது, குருதிக் குழாய்களற்ற, அழற்சியற்ற கண்ணாகையால்.

இளவயதினரின் கலங்களுக்கு வேறொரு பயன்பாடும் உருவாகிவருகிறது. இளம் வயதில் இறந்தவர்களின் அகவணிக் கலங்களை ஆய்வுகூடத்தில் பெருக்கி, ஊசி மூலம் கண்ணுக்குள் செலுத்தும் முறையைக் கியோட்டோவைச் சேர்ந்த மருத்துவர்கள் உருவாக்கி, 11 பேரில் கிடைத்த முடிவுகளை 2018இல் வெளியிட்டனர். 2023இல் ஜப்பான் அதற்கு அனுமதி வழங்கியது. ஒருவரின் படலத்திலிருந்து பலருக்குச் சிகிச்சை அளிக்கலாம் என்பதால், கொடுத்தவரின் வயது உண்மையில் தீர்க்கமாகும் இடம் அதுதான்.

கேள்வி: குருதிப் பிரிவு பொருந்த வேண்டுமா? கொடுத்தவரின் மூக்குக்கண்ணாடி இலக்கமும் கண்ணின் நிறமும் எனக்கு வந்துவிடுமா?
— மாணவன், தெமட்டகொடை

பதில்: குருதிப் பிரிவு பொருந்தத் தேவையில்லை, பொருத்திப் பார்த்ததால் தெளிவான நன்மை கிடைத்ததாகப் பெரிய ஆய்வுகள் காட்டவில்லை. நிறம், படலத்துக்குப் பின்னாலுள்ள கதிராளியைச் சேர்ந்தது, அது மாற்றப்படுவதில்லை. கண்ணாடி இலக்கத்தைத் தீர்மானிப்பவை உங்கள் கண்ணின் நீளமும், தையல்களால் புதிய படலம் பெறும் வளைவும்.

கேள்வி: 82 வயதான என் அம்மா கண்தானம் செய்ய வேண்டுமென்று உறுதியாகக் கூறுகிறார். இரண்டு கண்ணிலும் கண்புரை எடுத்தவர். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?
— வாசகர், தெஹிவளை

பதில்: கண்புரை எடுத்திருப்பது தடையல்ல, கலங்களை எண்ணிய பிறகு வங்கி முடிவு செய்யும். 82 வயதில் உட்படல மாற்றுக்கு அது பொருந்தாமற்போகலாம். அப்படியானாலும் முன்பகுதியை மாத்திரம் மாற்றுவதற்கோ, புண்ணால் துளை விழுந்த கண்ணை அவசரமாக மூடிக் காப்பாற்றுவதற்கோ, இளம் சத்திரசிகிச்சை நிபுணர்களின் பயிற்சிக்கோ அது பயன்படக்கூடும். உங்கள் அம்மா இதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது, ஏமாற்றத்துக்கு இடமிருக்காது.

கொழும்பிலுள்ள கண் தானச் சங்கத்தின் தொலைபேசி இலக்கத்தையும் தேசிய கண் வைத்தியசாலையில் இயங்கும் கண் வங்கியின் இலக்கத்தையும் இப்போதே வீட்டில் எல்லோருக்கும் தெரியும் இடத்தில் எழுதி வையுங்கள். மரணம் நிகழ்ந்தவுடன் அறிவியுங்கள். கண்கள் சில மணித்தியாலங்களுக்குள், பொதுவாக ஆறு மணித்தியாலங்கள் கடப்பதற்கு முன்னர் எடுக்கப்பட வேண்டும். நமது வெப்பநிலையில் ஒவ்வொரு மணித்தியாலமும் கலங்களைக் குறைக்கும். உறவினர் கண்டியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்து சேரும்வரை இந்த வேலையைத் தள்ளிவைக்க முடியாது. இமைகளை மெதுவாக மூடி, ஈரமான சுத்தமான பஞ்சை அவற்றின் மேல் வையுங்கள். தலையைத் தலையணையால் சற்று உயர்த்துங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், அதன் காற்று படலத்தை உலர்த்திவிடும். குளிரூட்டி இருந்தால் அது இயங்கட்டும். எடுப்பதற்கு அதிக நேரம் பிடிக்காது, முகம் விகாரப்படுவதுமில்லை. இறுதிக் கிரியைகளுக்கு இடையூறு இருக்காது.

வருபவர்கள் உங்கள் சம்மதத்தைப் பெற்று, சிறிது குருதி எடுத்து, அம்மாவின் நோய் வரலாற்றைக் கேட்பார்கள். கிளினிக் கொப்பியையும் கடைசியாகத் தங்கிய வைத்தியசாலையின் குறிப்புகளையும் எடுத்துக் கொடுங்கள். அண்மையில் காய்ச்சலோடு மயக்கமோ தடுமாற்றமோ இருந்ததா, நாய் கடித்ததா, எந்தக் கண்ணில் எந்த ஆண்டில் கண்புரை எடுக்கப்பட்டது என்பவற்றை நினைவில் உள்ளபடி மறைக்காமல் சொல்லுங்கள். குருதிப் பரிசோதனையில் தெரியாதவற்றைக் கண் வங்கி உங்களிடமிருந்து மாத்திரமே அறிய முடியும்.